அடைமுட்டையில் கரு வளர்கிறதா? டார்ச் அடித்துப் பார்க்கும் முறை

அடைக்கு வைத்த முட்டையில் எது குஞ்சாகும், எது கூமுட்டையாகும் என்று அறிய 21 நாளும் காத்திருக்க வேண்டியதில்லை. ஓர் இருட்டறையும் நல்ல டார்ச்சும் இருந்தால் ஏழாம் நாளிலேயே பெரும்பாலானவற்றைப் பிரித்துவிடலாம். பிரிப்பது வெறும் ஆர்வத்துக்காக அல்ல. கரு இறந்த முட்டை 37 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் நாள்கணக்கில் கிடந்தால் உள்ளே அழுகி, வாயு நிறைந்து, ஒருநாள் வெடிக்கும். அந்த ஒரு முட்டையின் சிதறலிலிருந்து கிருமி மற்ற முட்டைகளின் ஓட்டுத் துளைகள் வழியே உள்ளே போய்விடும். நல்ல முட்டைகளைக் காப்பாற்றத்தான் இந்த வேலை.

ஒன்றை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் செய்பவர்கள் கெட்ட முட்டையை விட்டுவைப்பதைவிட, நல்ல முட்டையைக் கெட்டது என்று எடுத்தெறிவதுதான் அதிகம். தெளிவாகத் தெரியாத முட்டைக்கு இன்னும் மூன்று நாள் கொடுத்து மறுபடி பார்த்தால் பெரிய நட்டம் எதுவும் இல்லை. உடைத்த பிறகு உள்ளே துடிப்பைக் கண்டால் அதைத் திரும்ப ஒட்ட முடியாது.

அடை வைக்கும் முன் என்ன தெரியும்?

அன்று இட்ட முட்டையில் டார்ச் அடித்துக் கருக்கூடியதா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாது. கருக்கூடிய முட்டை இடப்படும்போதே அதில் பல்லாயிரம் செல்கள் உருவாகியிருக்கும். ஆனாலும் அவை மஞ்சள் கருவின் மேல் ஒரு சிறு வெள்ளைப் பொட்டாகத்தான் இருக்கும். ஓட்டுக்கு வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. முட்டையின் வடிவத்தைப் பார்த்துச் சேவலா பெட்டையா என்று சொல்வதையும் நம்ப வேண்டாம்.

மந்தையில் சேவல் சரியாக இணைகிறதா என்று அறிய வேண்டுமானால் மூன்று நான்கு முட்டைகளை உடைத்துத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். மஞ்சள் கருவின் மேல் இருக்கும் பொட்டு 2 மி.மீ. அளவில், விளிம்பு ஒழுங்கில்லாமல், அடர்ந்த வெள்ளையாக இருந்தால் கருக்கூடவில்லை. 3 முதல் 4 மி.மீ. அளவில் வட்டமாக, நடுவில் சற்றுத் தெளிந்து சுற்றிலும் வளையம் போட்டதுபோல் இருந்தால் கருக்கூடியது. மஞ்சள் கருவின் மேல் இருக்கும் இரத்தப் புள்ளிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது முட்டை உருவாகும்போது பெட்டையின் சிறு நாளம் ஒன்று கசிந்ததால் வருவது. சேவலே இல்லாத மந்தையிலும் வரும்.

ஆனாலும் அடை வைக்கும் முன் ஒரு முறை வெளிச்சம் காட்டிப் பார்ப்பது வீண் அல்ல. கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் அப்போது வெள்ளைக் கோடாகத் தெரியும். இரட்டைக் கரு முட்டை தெரியும். அதை வைக்க வேண்டாம், குஞ்சு பொரிவது மிக அரிது. தடித்த முனையில் உள்ள காற்றறை இடத்தில் நிற்கிறதா, முட்டையைச் சாய்க்கும்போது குமிழிபோல் ஓடுகிறதா என்பதும் தெரியும். நெடுந்தூரம் பயணம் செய்து வந்த முட்டைகளில் காற்றறை பிரிந்து ஓடுவது சாதாரணம். அவற்றைத் தடித்த முனை மேலாக வைத்து 12 முதல் 24 மணி நேரம் அசைக்காமல் விட்ட பிறகே அடை வையுங்கள்.

தேவையானவை

ஒளி குவிந்து விழும் வெள்ளை எல்.இ.டி. டார்ச் போதும். பழைய இழை பல்பு டார்ச் சூடாகும். ஓட்டின் மேல் வைத்தபடி நிறுத்தினால் கருவுக்கு ஆகாது. டார்ச்சின் முகம் அகலமாக இருந்தால் கறுப்பு அட்டையில் 2 செ.மீ. துளை போட்டு அதன் மேல் ஒட்டிவிடுங்கள். துளையைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் வைத்தால் முட்டை அதன் மேல் பொருந்தி உட்காரும், பக்கவாட்டில் வெளிச்சம் கசியாது. பாதிப் பேருக்கு உள்ளே ஒன்றும் தெரியாமல் போவதற்குக் காரணம் டார்ச்சின் பலவீனம் அல்ல, இந்தக் கசிவுதான். கண்ணுக்கு நேரே வெளிச்சம் அடித்தால் முட்டைக்குள் இருக்கும் மெல்லிய நாளம் எப்படித் தெரியும்?

அறை நன்றாக இருட்டாக இருக்க வேண்டும். இரவில் செய்வது எளிது. விளக்கை அணைத்து இரண்டு நிமிடம் கழித்து ஆரம்பித்தால் கண் இருட்டுக்குப் பழகியிருக்கும். குறிப்பெழுதப் பென்சில், ஒரு நோட்டு, துணி விரித்த தட்டு, முடிந்தால் ஒரு கிராம் வரை காட்டும் தராசு. ஓட்டில் மார்க்கர் பேனாவால் எழுத வேண்டாம். ஓடு மூச்சுவிடும், மையில் உள்ள கரைப்பான் உள்ளே போகும். பென்சில் போதும்.

பார்க்கும் விதம்

கையைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். இன்குபேட்டரிலிருந்து ஐந்தாறு முட்டைகளை மட்டும் எடுத்து மூடியை மூடிவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெளியே எடுத்து வைத்தால் அவசரம் வரும், அவசரத்தில் கை தவறும்.

முட்டையின் தடித்த முனையை டார்ச்சின் மேல் வைத்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துச் சற்றே சாய்த்து, மெதுவாகச் சுற்றுங்கள். வளரும் கரு ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும்; சுற்றினால்தான் கண்ணில் படும். ஒரு முட்டைக்கு ஐந்து முதல் பத்து வினாடி. குலுக்கவோ சட்டென்று திருப்பவோ கூடாது. முதல் வாரத்தில் நாளங்கள் நூலைவிட மெல்லியவை. ஒரு வெட்டுத் திருப்பலில் அறுந்துபோகும்.

பத்து நிமிடம் வெளியே இருந்தால் குளிர்ந்து செத்துவிடுமோ என்று பயப்பட வேண்டியதில்லை. அடைக்கோழியே இரை தின்னவும் தண்ணீர் குடிக்கவும் தினமும் 15, 20 நிமிடம் எழுந்து போகிறது. அதற்காகத் தினமும் எடுத்துப் பார்க்கவும் வேண்டாம். ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் ஈரப்பதம் விழுகிறது, கை நழுவும் வாய்ப்பும் கூடுகிறது. 7, 14, 18 ஆகிய மூன்று நாட்கள் போதும். நாள் எண்ணும்போது முட்டை வைத்த நாளைப் பூஜ்யமாகக் கொள்ளுங்கள். 24 மணி நேரம் முடிந்ததே முதல் நாள். இதில் ஒரு நாள் பிசகினால் பிறகு எல்லாக் கணக்கும் பிசகும்.

ஏழாம் நாள்

மூன்று பார்வைகளில் இதுதான் முக்கியமானது, கற்றுக்கொள்ள நேரம் எடுப்பதும் இதுதான்.

வெள்ளை ஓட்டு முட்டையில் நான்காம் நாளே நாளங்கள் தெரியத் தொடங்கும். பழுப்பு ஓட்டில் ஏழாம் நாள் வரையும், அடர்பழுப்பில் பத்தாம் நாள் வரையும் பொறுக்க வேண்டும். உயிருள்ள முட்டையில், நடுவில் ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து எல்லாப் பக்கமும் சிலந்தி கால் பரப்பியதுபோல் சிவந்த நாளங்கள் ஓடும். அந்தக் கரும்புள்ளி பெரும்பாலும் கருவின் கண். ஐந்தாம் நாள் வாக்கில் அதில் கறுப்பு ஏறிவிடும். முட்டையைச் சில வினாடி அசையாமல் பிடித்தால் அந்தப் புள்ளி ஊசலாடுவதையும் பார்க்கலாம்.

கருக்கூடாத முட்டை முழுவதும் ஒரே சீராக ஒளிரும். மஞ்சள் கருவின் நிழல் மட்டும் ஒரு மங்கிய உருண்டையாக மிதக்கும். முட்டையைத் திருப்பினால் அதுவும் நழுவும். புதியவர்கள் இந்த நிழலைக் கரு என்று எண்ணி ஏமாறுவார்கள். இதைத் தவிர்க்க ஒரு நல்ல வழி உண்டு: அதே நிற ஓடுள்ள, அடை வைக்காத புது முட்டை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி ஒளிர்ந்தால் அது வெறும் முட்டை.

மூன்றாவது வகை, கரு கூடி, சில நாள் வளர்ந்து இறந்தது. இதன் அடையாளம் இரத்த வளையம். கரு இறந்ததும் நாளங்களில் இருந்த இரத்தம் விளிம்புக்கு ஒதுங்கி, மோதிரம்போல் தெளிவான ஒரு சிவப்பு வட்டமாக நிற்கும். உள்ளே கிளை நாளங்கள் இருக்காது. சில முட்டைகளில் வளையம் முழுதாக இல்லாமல் ஒரு கோடாகவோ, ஓட்டில் ஒட்டிய கறையாகவோ இருக்கும். வளையம் தெளிவாகத் தெரிந்தால் ஐயமே இல்லை, எடுத்துவிடலாம்.

இந்த மூன்றிலும் சேராதது எதுவானாலும் பென்சிலால் கேள்விக்குறி போட்டுத் திரும்ப வையுங்கள். பத்தாம் நாள் அவற்றை மட்டும் எடுத்துப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

எல்லா முட்டைகளும் ஒருசேரப் பின்தங்கித் தெரிந்தால் குற்றம் முட்டையில் இல்லை, சூட்டில் இருக்கிறது. விசிறியுள்ள இன்குபேட்டரில் 37.5 டிகிரி இருக்க வேண்டும். விசிறி இல்லாததில் முட்டையின் மேல்மட்டத்தில் அளந்தால் 38.3 முதல் 38.8 வரை. ஒரு டிகிரி குறைந்தாலும் வளர்ச்சி மெதுவாகும், ஏழாம் நாள் முட்டை ஆறாம் நாள் முட்டைபோல் தெரியும். முட்டைகளைத் தூக்கியெறியும் முன் இன்னொரு தெர்மாமீட்டரால் சரிபாருங்கள்.

எடுத்த முட்டைகளை உடைத்துப் பாருங்கள்

இதைப் பலர் செய்வதில்லை, ஆனால் அடுத்த முறை அதிகக் குஞ்சு வேண்டுமென்றால் இதில்தான் பாடம் இருக்கிறது. ஏழாம் நாள் ஒதுக்கியவற்றை வெளியிடத்தில், வெள்ளைக் கிண்ணத்தில், தடித்த முனைப் பக்கம் உடைத்துத் திறங்கள். டார்ச் வெளிச்சத்தில் வெறும் முட்டையாகத் தெரிந்த சிலவற்றில் இரண்டாம் மூன்றாம் நாளிலேயே வளர்ச்சி நின்ற கரு இருக்கும். மஞ்சள் கருவின் மேல் பொட்டு பெரிதாகி, தயிராடைபோல் வெள்ளையாகப் படர்ந்திருக்கும், அல்லது சற்று இரத்தம் படிந்திருக்கும். பொட்டு சிறிதாகவே இருந்தால் கருக்கூடவே இல்லை.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. கருக்கூடாத முட்டை அதிகமாக இருந்தால் சேவலைப் பாருங்கள்: எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் இருக்கிறதா, வயதாகிவிட்டதா, கால் நோவா, ஒரு சேவலை இன்னொன்று அண்டவிடாமல் விரட்டுகிறதா என்று. புதிய சேவலை விட்ட உடனே முட்டை சேர்க்கவும் கூடாது. ஒரு வாரமாவது போகட்டும். பழைய சேவலை எடுத்த பிறகும் அதன் விந்து பெட்டையின் உடலில் பத்து நாள், இரண்டு வாரம் வரை தங்கிக் கருக்கூட்டும் என்பதால், இனம் தூய்மையாக வேண்டுபவர்கள் குறைந்தது மூன்று வாரம் காத்திருக்க வேண்டும்.

கருக்கூடி முதல் வாரத்தில் இறந்தவை அதிகமாக இருந்தால் சேவல்மேல் குற்றமில்லை. முட்டையைச் சேமித்த விதம்தான் முதலில் நினைவுக்கு வர வேண்டும். ஏழு நாளுக்குள், 15 முதல் 18 டிகிரி குளிர்ச்சியில் வைத்த முட்டைதான் நன்றாகப் பொரியும். அதற்குமேல் ஒவ்வொரு நாளும் பொரிப்பு குறையும். வெயில் காலத்தில் அறையில் சும்மா வைத்த முட்டையில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, நின்று, பலவீனமாகிவிடும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலோ அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும். இவை தவிர, எடுத்துவரும்போது பட்ட அதிர்ச்சியும், முதல் சில நாளில் சூடு மிகையானதும் காரணமாகும்.

அடை வைத்த சூட்டில் ஒரு வாரம் கிடந்த முட்டை வெறும் முட்டையாகவே இருந்தாலும் சாப்பிட வேண்டாம்.

பதினான்காம் நாள்

இப்போது முட்டையின் பெரும்பகுதி இருண்டிருக்கும். காற்றறைக்குக் கீழே ஓட்டை ஒட்டித் தடித்த நாளங்கள் பளிச்சென்று தெரியும், டார்ச் வெளிச்சத்துக்கு உள்ளே ஓர் அசைவு, ஓர் உதை வரும். கூர் முனைப் பக்கமும் வெளிச்சம் காட்டிப் பாருங்கள். ஓட்டின் உட்புறத்தை ஒட்டி விரிந்து, கருவுக்கு மூச்சு வாங்கித் தரும் நாளச் சவ்வு பதினோராம் நாள் வாக்கில் கூர் முனைவரை வந்து மூடிவிட வேண்டும். பதினான்காம் நாளும் கூர் முனையில் நாளமே இல்லாமல் வெள்ளைக் கரு தனியே ஒளிர்ந்தால், முட்டை போதுமான அளவு திருப்பப்படவில்லை என்று பொருள். கையால் திருப்புபவர்கள் நாளுக்கு மூன்று முறைக்குக் குறையக் கூடாது. ஐந்து முறை என்றால் இன்னும் நல்லது. ஒற்றைப்படையில் திருப்பினால் நீண்ட இரவில் முட்டை ஒவ்வொரு நாளும் வேறு பக்கமாகக் கிடக்கும்.

இறந்த முட்டையில் நாளங்கள் மங்கிக் கரைந்திருக்கும். உள்ளே இருண்ட திரள் எல்லை தெளிவில்லாமல், சாய்க்கும்போது கலங்கிய நீர்போல் ஓடும். உயிருள்ள கரு தன் இடத்தில் நின்று அசையும். இறந்தது முட்டையோடு சேர்ந்து ஆடும். அசைவு தெரியவில்லை என்பதற்காக மட்டும் எடுக்க வேண்டாம், குஞ்சுக்குத் தூக்கமும் உண்டு. நாளம் சிவப்பாகத் தெளிந்திருக்கிறதா என்பதையே நம்புங்கள்.

இரண்டாம் வாரத்தில் இறப்பு கூடுதலாக இருந்தால் தாய்க்கோழியின் தீவனத்தைப் பாருங்கள். குறிப்பாக ரிபோஃப்ளேவின் போன்ற பி வைட்டமின்கள் குறைந்த தீவனம் தின்ற பெட்டையின் முட்டையில் கரு நடுவழியில் நின்றுவிடும். நீண்ட மின்தடையும் இப்படிச் செய்யும்.

ஓட்டில் பழுப்பு நீர் துளித்திருந்தாலோ, மூக்கருகே நாற்றம் வந்தாலோ டார்ச் அடிக்கவே வேண்டாம். குலுக்காமல் பிளாஸ்டிக் பையில் இட்டு வெளியே கொண்டுபோய் விடுங்கள்.

பதினெட்டாம் நாள்: காற்றறையைப் பாருங்கள்

இந்த நாளில் குஞ்சு முட்டையை நிறைத்திருக்கும். காற்றறை தவிர எங்கும் இருட்டு, அதன் விளிம்பில் ஓரிரு நாளம், அவ்வளவே. ஆகவே கருவைத் தேடாமல் காற்றறையை அளந்து பாருங்கள். அடை நாட்களில் முட்டை நீரை இழக்க இழக்கக் காற்றறை பெரிதாகும்; 18-ஆம் நாளில் முட்டையின் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடைப்பட்ட இடத்தை அது பிடித்திருக்க வேண்டும். 7, 14, 18 ஆகிய மூன்று நாளும் காற்றறையின் எல்லையைப் பென்சிலால் ஓட்டில் கோடிட்டு வந்தால் போக்கு கண்முன் தெரியும்.

தராசு இருந்தால் இன்னும் துல்லியம். 18 நாளில் முட்டை தன் எடையில் சுமார் 12 விழுக்காடு குறைய வேண்டும். 50 கிராம் முட்டை ஏழாம் நாள் சுமார் 47.7, பதினான்காம் நாள் 45.3, பதினெட்டாம் நாள் 44 கிராம். அதைவிட வேகமாகக் குறைந்தால் உள்ளே வறட்சி, தண்ணீர்த் தட்டின் பரப்பைக் கூட்டுங்கள். குறையவே மறுத்தால் ஈரம் அதிகம், தட்டை எடுத்துவிடுங்கள் அல்லது காற்றுத் துளையைத் திறங்கள். முதல் 18 நாளுக்கு 50 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம் என்று வழிகாட்டுவது தொடக்கத்துக்குச் சரி. ஆனால் ஓட்டின் தடிமனும் துளையும் முட்டைக்கு முட்டை மாறும். ஈரமானியைவிட முட்டையின் எடை சொல்வதே உண்மை. காற்றறை சிறுத்த முட்டையில் குஞ்சு மூக்கை நுழைக்க இடமில்லாமல் நீரில் மூச்சுத் திணறும். மிகப் பெரிதானதில் சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை: கருக்கூடாத முட்டையும் அதே வேகத்தில் நீரை இழக்கும், அதன் காற்றறையும் பெரிதாகும். காற்றறை வளர்வது உயிர் இருப்பதற்குச் சான்று அல்ல.

பார்த்து முடித்ததும் திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65 முதல் 70 விழுக்காட்டுக்கு ஏற்றி மூடிவிடுங்கள். இனி குஞ்சு வரும்வரை திறக்கக் கூடாது.

அடைக்கோழியின் கீழும், மற்றப் பறவைகளிலும்

அடைக்கோழியிடம் இரவில் போங்கள். இரண்டு மூன்று முட்டையாக, கையை அதன் மார்புக்குக் கீழிருந்து நுழைத்து எடுத்து, பார்த்து, உடனே வையுங்கள். வைக்கும்போதே எல்லா முட்டையிலும் பென்சில் வட்டம் போட்டிருந்தால், பிறகு வேறு கோழி வந்து இட்டுப்போன புது முட்டையை ஒரே பார்வையில் பிரித்துவிடலாம். இதைச் செய்யாத கூட்டில் வயது கலந்த முட்டைகள் சேர்ந்து, முதல் குஞ்சுகள் பொரிந்ததும் தாய் எழுந்துபோக, மற்றவை பாதியில் நிற்கும்.

வாத்துக்கும் வான்கோழிக்கும் 28 நாள், மணிலா வாத்துக்கு 35, கினிக்கோழிக்கு 26 முதல் 28, ஜப்பானியக் காடைக்கு 17 அல்லது 18. மொத்த நாளில் மூன்றில் ஒரு பங்கு முடிந்ததும் முதல் பார்வை, பொரிக்க மூன்று நாள் இருக்கும்போது கடைசிப் பார்வை என்று வைத்துக்கொண்டால் எல்லாவற்றுக்கும் பொருந்தும். காடை முட்டையில் ஓட்டின் கறுப்புத் திட்டுகளை நாளம் என்று எண்ணிவிடாதீர்கள். சுற்றித் திருப்பித் திட்டு இல்லாத இடைவெளி வழியே பாருங்கள். கினிக்கோழி ஓடு தடித்தது, டார்ச் வலுவாக வேண்டும்.

21 நாள் கடந்தும் பொரியாதவை

கடைசி நாட்களில் வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு அசைகிறதா என்று சிலர் பார்ப்பார்கள். விரிசல் கண்ட முட்டையில் நீர் புகுந்து குஞ்சு மூழ்கிவிடும். விரிசல் இல்லாததிலும் துளைகள் வழியே கிருமி இறங்கும். டார்ச்சே போதும். 22-ஆம் நாள் முடியும்போது, பொரித்த குஞ்சுகள் உலர்ந்த பின், மிச்ச முட்டைகளைச் சட்டென்று ஒருமுறை பாருங்கள். காற்றறைக்குள் கூர்மையான அலகு நிழல் அசைந்தால் குஞ்சு உள்சவ்வைத் துளைத்து மூச்சு விடத் தொடங்கிவிட்டது. திரும்ப வைத்து 24 மணி நேரம் கொடுங்கள். அவசரப்பட்டு ஓட்டை உரிக்க வேண்டாம். சவ்வில் இன்னும் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், மஞ்சள் கருவும் வயிற்றுக்குள் முழுதாகப் போயிருக்காது.

23-ஆம் நாள் முடிந்தும் அசைவும் குரலும் இல்லாதவற்றை எடுத்து, உடைத்துப் பார்த்து, நோட்டில் எழுதி, ஆழமாகப் புதைத்துவிடுங்கள். எழுதுவது இப்படி: வைத்தது 20, கருக்கூடாதது 3, இரத்த வளையம் 1, ஓட்டுக்குள் இறந்தது 1, பொரித்தது 15. கருக்கூடியவை 17, அதாவது 85 விழுக்காடு; அந்த 17-இல் பொரித்தது 88 விழுக்காடு. முதல் எண் குறைந்தால் மந்தையிடமும், இரண்டாவது குறைந்தால் முட்டை சேமித்த இடத்திலும் இன்குபேட்டரிலும் தேடுங்கள்.